அந்தரத்தில் நின்ற ஆட்டம்

சித்தார்த்தன் வீட்டுக் கூடத்தில் ஒரு வீடியோ கேம் பெட்டி ஒரு வருஷத்துக்கும் மேலாக அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. டிவி பெரும்பாலும் அணைந்தே இருக்கும். அதன் கீழே அந்தப் பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடும். அதற்காகவே வாங்கிய இன்வெர்ட்டர் அது.

திண்டிவனத்தில் ஏரிக்கரைக்குப் பின்னால் இருந்த தாழ்வான தெரு. கீழே சித்தார்த்தனும் இசைவாணியும் வாடகைக்கு இருந்தார்கள். மாடியில் வீட்டுக்கார அம்மா லூர்துமேரி. சித்தார்த்தன் விழுப்புரம் தடத்தில் அரசுப் பேருந்து நடத்துநர். இசைவாணிக்கு விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சில நாள் காலையில் அவனுடைய பேருந்திலேயே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து போவாள். முன்பெல்லாம் அவன் டிக்கெட் கொடுத்துக்கொண்டே அவள் பக்கம் வந்து ஏதாவது கிண்டல் செய்துவிட்டுப் போவான். இப்போது அவள் பாஸைக் காட்டுவாள், அவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிடுவான்.

அந்தப் பெட்டி சித்தார்த்தன் சின்ன வயசில் அவன் அண்ணன் வெங்கடாசலம் சென்னை பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்தது. கூடவே ஒரு மஞ்சள் கேசட். ‘செவ்வாய்க் கோட்டை’ என்று அந்த வருஷம் திண்டிவனத்தில் தமிழ் பேசி ஓடிய வெளிநாட்டுப் படத்தை வைத்துச் செய்த ஆட்டம். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு சுரங்கம். அங்கே வேலைக்கு விட்ட நண்டு மாதிரியான இயந்திரங்கள் ஒருநாள் மனிதர்கள் மேலேயே பாய ஆரம்பிக்கின்றன. சிக்கிக்கொண்டவர்களை மீட்க இரண்டு வீரர்கள் கீழே இறங்குகிறார்கள். படத்தை சித்தார்த்தன் மூன்று தடவை பார்த்திருந்தான். படத்தில் வந்த காதல், விசாரணை, அழுகை எதுவும் கேசட்டில் கிடையாது. ஓட வேண்டும், குதிக்க வேண்டும், சுட வேண்டும். அவ்வளவுதான்.

பிற்பாடு பரணில் கிடந்ததை ஒரு கோடை லீவில் இறக்கியது மகன் வெற்றிச்செல்வன். வீட்டில் செல்வா. அப்போது ஒன்பது வயசு. போனில் எத்தனையோ பளபளப்பான ஆட்டம் ஆடுகிற பிள்ளை, இந்தக் கட்டம் கட்டமான பொம்மைகளைப் பார்த்து முதலில் சிரித்தான்.

“இன்னாப்பா இது, மூஞ்சியே இல்ல இவனுக்கு?”

“மூஞ்சி படத்துல இருக்குதுடா. நான் சொல்லிக்கினே வர்றேன், நீ ஆடு.”

அதில்தான் பையன் மாட்டிக்கொண்டான். ஒவ்வொரு கட்டத்துக்கும் அது படத்தில் எந்த இடம் என்று அப்பா சொல்ல வேண்டும்.

“இந்தக் கதவுக்குப் பின்னாடி படத்துல இன்னா இருக்கும்?”

“கண்ணாடித் தொட்டி. வரிசையா இருக்கும். உள்ள மனுசங்கள தூங்க வெச்சிருப்பானுங்க. அந்தக் கேப்டன் கண்ணாடிய தொடச்சிப் பாப்பான், அவன் தங்கச்சி மூஞ்சி தெரியும்.”

“அப்புறம்?”

“மொதல்ல அந்த நண்ட சுடு.”

சித்தார்த்தன் முதல் ஆட்டக்காரன், நீலச் சட்டை. செல்வா இரண்டாவது, சிவப்புச் சட்டை. ஆளுக்குச் சில உயிர்கள். ஒருவனுக்கு உயிர் தீர்ந்துவிட்டால் இன்னொருவனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தீர்ந்துபோவது எப்போதும் அப்பாவுக்குத்தான். படத்தைச் சொல்லும் சுவாரசியத்தில் பள்ளத்தில் விழுவான்.

“எடுத்துக்கோப்பா. ஆனா பாத்து ஆடு. எனக்கும் வேணும்.”

டூட்டி முடித்து வந்து இரண்டு பேரும் ஆட உட்கார்ந்தால் இசைவாணி சாப்பிடக் கூப்பிட்டு ஓய்ந்துபோவாள். கடைசியில் தட்டை எடுத்துவந்து இருவர் வாயிலும் மாறி மாறி ஊட்டுவாள். “தாலி கட்டுனவனுக்கும் ஊட்டணும், பெத்த புள்ளைக்கும் ஊட்டணும், பேஜாருடா சாமி” என்பாள். அவளுக்கு அந்த ஆட்டத்தில் எது நண்டு, எது கல் என்றுகூடத் தெரியாது.

போன வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு விடுமுறை நாள். கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். சுரங்கத்திலிருந்து மேலே போகும் லிஃப்டுக்கு முன்னால் ஒரு பெரிய பள்ளம். நீலச் சட்டைக்காரன் தாண்டிவிட்டான். சிவப்புச் சட்டைக்காரன் குதித்தான். குதித்த அந்த நொடியில் செல்வா ஆட்டத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினான்.

“தல வலிக்குதுப்பா. கொஞ்ச நேரம் படுத்துட்டு வர்றேன். ஆஃப் பண்ணிடாத, மொதல்லேர்ந்து ஆடணும்.”

“பண்ணல. நீ போய்ப் படு.”

இரவுக்குள் காய்ச்சல் கொதித்தது. ஊரில் டெங்கு இருந்ததால் இசைவாணி மறுநாளே ரத்தம் எடுத்து, தான் வேலை செய்யும் இடத்திலேயே சோதித்தாள். டெங்குதான். ஆனால் அணுக்கள் பயப்படும் அளவுக்குக் குறையவில்லை. டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார். கஞ்சித் தண்ணீர், மாதுளைச் சாறு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தாள். சில நாளில் உடம்பு குளிர்ந்தது. “காய்ச்சல் வுட்டுடுச்சுங்க” என்று டூட்டியில் இருந்தவனுக்குப் போன் செய்து அழுதாள், சந்தோஷத்தில். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம் என்பது அவளுக்குத் தெரியாதது அல்ல. ரிசல்ட் வாங்க வரும் தாய்மார்களிடம் அவளே அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பெற்ற பிள்ளையின் நெற்றி குளிர்ந்தபோது அது அவள் நினைவுக்கு வரவில்லை. அன்று சாயங்காலம் பையனுக்கு வயிறு வலித்தது. கை கால் சில்லிட்டது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செல்வா நினைவோடுதான் இருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவைக் கூப்பிட்டான்.

“கேம் ஓடிக்கினுதான இருக்குது?”

“ஓடிக்கினுதான்டா இருக்குது.”

“படத்துல கடைசில இன்னா ஆவும்ப்பா? இப்பவே சொல்லு.”

படத்தில் அந்த லிஃப்டில் ஒருவன்தான் ஏறுவான். மற்றவன் கீழேயே நின்று, கதவை மூடும் விசையைப் பிடித்துக்கொண்டிருப்பான். நண்டுகள் அவனை மூடிக்கொள்ளும்.

“ரெண்டு பேரும் மேல வந்துடுவாங்க” என்றான் சித்தார்த்தன்.

“நெசமாவா?”

“நெசமா. வெளிய வந்து பாத்தா வெயில் அடிச்சிக்கினு இருக்கும்.”

செல்வா தலையை ஆட்டினான். மறுநாள் விடிவதற்குள் அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து, வந்த உறவுகள் எல்லாம் ஊர் திரும்பிய பிறகுதான் சித்தார்த்தன் அந்தச் சிவப்பு விளக்கைக் கவனித்தான். டிவியைப் போட்டான். அதே படம். லிஃப்டுக் கதவு. நீலச் சட்டைக்காரன் அந்தப் பக்கம் நிற்கிறான். சிவப்புச் சட்டைக்காரன் பள்ளத்துக்கு மேலே, கையும் காலும் விரிந்தபடி, அந்தரத்தில்.

அதற்குப் பிறகு தினமும் டூட்டி விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் டிவியைப் போட்டு அதைப் பார்ப்பான். எந்தப் பொத்தானையும் தொடமாட்டான். அந்தக் குதி அந்தப் பக்கம் போய்ச் சேருமா, பள்ளத்தில் விழுமா என்று எத்தனை பார்த்தாலும் சொல்ல முடியவில்லை. விழுந்தால் செல்வாவிடம் உயிர் மிச்சம் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. ஆட்டத்தை நிறுத்தி வைத்தால் உயிர்க் கணக்கு திரையில் தெரியாது. அன்றைக்கும் தான்தான் பையனிடமிருந்து திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் அவனுக்கு ஞாபகம் இருந்தது.

இசைவாணிக்கு அந்தப் பெட்டி இருந்த கூடத்தில் உட்காரவே முடியவில்லை. ஒருநாள் துடைக்கும்போது அதன்மேல் கை பட்டுவிட்டது. வெதுவெதுவென்று இருந்தது.

“காய்ச்சக்காரன் நெத்தியாட்டம் இருக்குதுங்க. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. அத்த அணைச்சிடுங்களேன்.”

“வேணாம்.”

“அதுல இன்னா இருக்குதுன்னு இப்பிடிப் பாத்துக்கினு உக்காந்திருக்கீங்க?”

“அவன் ஆஃப் பண்ணாதன்னு சொன்னான். அவன் சொன்னதுல என்னால செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று தான் போன் செய்ததை அவன் ஒருதடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லித் திட்டியிருந்தால் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது. அவன் வாய் திறக்காததையே அவள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டாள். அவனோ அவளிடம் பேச எதை எடுத்தாலும் அது செல்வாவில்தான் போய் முடியும் என்று பயந்து பேச்சையே குறைத்துக்கொண்டான். ஒரு வீட்டில் இரண்டு பேர், தனித்தனியாகத் துக்கம் காத்தார்கள்.

அப்படியே மறு வருஷம் கார்த்திகை வந்தது. ஃபெஞ்சல் புயல் வந்தது.

சனிக்கிழமை சித்தார்த்தன் விழுப்புரத்துக்குப் பேருந்தோடு நடை போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். மாலையில் பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள். டெப்போவில் படுத்தான். கரண்ட் இல்லை, கொஞ்ச நேரத்தில் போன் டவரும் இல்லை. திண்டிவனத்திலும் கரண்ட் போய், ராத்திரி முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. ஞாயிறு காலையில் இசைவாணி கதவைத் திறந்தபோது தெரு இல்லை. ஏரி தெருவில் நின்றது. பழுப்புத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டி, அவள் பார்க்கப் பார்க்கவே கூடத்துக்குள் வந்தது.

மாடியிலிருந்து லூர்துமேரி கத்தினாள். “இசை! எல்லாத்தயும் போட்டுட்டு ஜல்தியா மேல வா! ஏரி ஒடஞ்சிடுச்சின்னு சொல்றாங்க!”

இசைவாணி அரிசி மூட்டையைக் கட்டில்மேல் தூக்கி வைத்தாள். துணிகளை அள்ளி அலமாரியின் மேல்தட்டில் திணித்தாள். சர்டிபிகேட் பையை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு மறுபடி இறங்கினாள். அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. கூடத்து மூலையில் பேட்டரி முழுகியிருந்தது. அதன்மேல் இருந்த இன்வெர்ட்டர் விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்தது. டிவி ஸ்டாண்டில் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்தது.

அணைத்துவிடச் சொல்லி இத்தனை நாளும் கேட்டவள் அவள்தான். இப்போது என்ன தோன்றியதோ, ஓடிப்போய் இன்வெர்ட்டரை அடியோடு பிடித்துத் தூக்கப் பார்த்தாள். ஒயர்கள் பேட்டரியோடு முறுக்கியிருந்தன. விரல் உயரம்கூட எழவில்லை. இரண்டு தலையணைகளை அடியில் திணிக்கப் பார்த்தாள். அவை நனைந்து மிதந்து போயின.

“இசை! ஷாக் அடிச்சிச் செத்துடுவடி! வுட்டுட்டு வா!” லூர்துமேரி படிக்கட்டில் பாதி இறங்கி நின்று அழைத்தாள்.

“தோ வர்றேன்க்கா! ஒரு நிமிஷம்!”

தண்ணீர் இன்வெர்ட்டரின் அடியைத் தொட்டது. இதை இனிக் காப்பாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது தானாக அணைந்தால் பிள்ளை காலமெல்லாம் அந்தரத்திலேயே நின்றுவிடுவான் என்று தோன்றியது. அவள் டிவியைப் போட்டாள். படம் வந்தது. மகன் ஆடும் ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். அவன் எந்தப் பொத்தானை அழுத்தி ஆட்டத்தை நிறுத்துவான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். சோறு ஊட்ட வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள்.

“செல்வா, எறங்குடா கண்ணு” என்று சொல்லி அழுத்தினாள்.

ஆட்டம் ஓட ஆரம்பித்தது. பாட்டு வந்தது. சிவப்புச் சட்டைக்காரன் அந்தப் பக்கத்துக் கரையை நெருங்கினான். ஒரு விரற்கடை குறைந்தது. அவன் பள்ளத்துக்குள் விழுந்தான்.

இசைவாணி வாய்விட்டு அலறிவிட்டாள்.

ஆனால் அடுத்த கணமே, மேலிருந்து, அவன் இறங்கினான். அதே சிவப்புச் சட்டை. மினுக்கி மினுக்கி, நீலச் சட்டைக்காரனுக்குப் பக்கத்தில் வந்து இரண்டு காலிலும் நின்றான். எதுவுமே நடக்காததுபோல் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வலது பக்கமிருந்து ஏதோ ஊர்ந்து வந்தது. அவள் கைக்குக் கிடைத்த பொத்தானை எல்லாம் அழுத்தினாள். அவன் சுட்டான். குதித்தான். மறுபடி சுட்டான். அவள் அவனோடு பேசிக்கொண்டே அழுத்தினாள், என்ன பேசினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. இன்வெர்ட்டர் ஒரு நீளக் கத்தல் கத்தியது. திரை கறுப்பானது. சிவப்பு விளக்கும் போனது.

லூர்துமேரி தண்ணீரில் இறங்கி வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே போனாள்.

சித்தார்த்தன் அன்று காலையிலேயே டெப்போவை விட்டுக் கிளம்பியிருந்தான். விக்கிரவாண்டி வரை ஒரு பால் வண்டி. அதற்கப்புறம் ஒரு லாரி. கூட்டேரிப்பட்டுக்கு இந்தப் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஓடியதால் லாரி நின்றுவிட்டது. மற்றவர்களோடு கயிறு பிடித்துத் தாண்டி, மீதியை நடந்தான். ஏரிக்கரைத் தெருவில் வீட்டுக்குள்ளேயே ஒரு பெண் முழுகிவிட்டாள் என்று வழியில் யாரோ சொன்னார்கள். எந்த ஏரி, எந்தத் தெரு என்று கேட்பதற்குள் அந்த ஆள் போய்விட்டான். அது பொய் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த வார்த்தையோடுதான் அவன் திண்டிவனம்வரை நடந்தான்.

சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே இடுப்பளவு தண்ணீரில் தெருவுக்குள் வந்தான். “வாணீ! வாணீ!” என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். மாடிக் கைப்பிடிச் சுவரில் அவள் தலை தெரிந்தது. அவன் கூடத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படியேறி வந்து அவள் முகத்தை, கையை, தோளை எல்லாம் தொட்டுப் பார்த்தான்.

“ஒனக்கு ஒண்ணும் ஆவலயே? நல்லாத்தான இருக்க?”

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னால காப்பாத்த முடியலங்க” என்றாள். “காய்ச்சல் வுட்டுடுச்சின்னு நெனச்சிட்டேங்க. தெரிஞ்ச நானே நெனச்சிட்டேன்.”

கேம் பெட்டியைச் சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். வந்தது இது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது.

“நானுந்தான் நெனச்சேன்” என்றான் அவன். “நீ போன் பண்ணசொல்லோ பஸ்ஸுல எல்லாருக்கும் கேக்குற மாரி சத்தமா சொன்னேன், எம்புள்ளைக்கு காய்ச்சல் வுட்டுடுச்சின்னு. ஒரு கெழவி கைதட்டுச்சு. ஒன்ன நான் எப்பிடிடி குத்தம் சொல்லுவேன்?”

லூர்துமேரி உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள்.

அப்புறம்தான் இசைவாணி ஆட்டத்தைப் பற்றிச் சொன்னாள். பொத்தானை அழுத்தியதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“வியுந்துட்டான்ங்க. கொஞ்சத்துல வியுந்துட்டான். ஆனா ஒடனே மேலேர்ந்து வந்துட்டான். ஒன் பக்கத்துல வந்து நின்னான். சுட்டான்கூட.”

எப்போதும் ‘நீங்க’ என்பவள் அவனை ‘ஒன்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அதை உணரவில்லை.

சித்தார்த்தன் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான்.

“அப்பன்னா அவங்கிட்ட உயிரு மிச்சம் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எல்லாத்தயும் நான் வாங்கிட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் வாணி.”

அதைச் சொல்லிவிட்டு அவன் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தான். செல்வாவின் அடக்கத்தன்று எல்லோரையும் தேற்றிக்கொண்டு நின்றவன், வாடகைப் பந்தலுக்குக் கயிறு கட்டக்கூடக் கை கொடுத்தவன், அன்று அழவே இல்லை. இப்போது அழுதான். மூச்சு வாங்கி, சத்தம் போட்டு, பிள்ளை பெயரைச் சொல்லி அழுதான். இசைவாணி அவன் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தெருத் தண்ணீரில் யாருடையதோ ஒரு பிளாஸ்டிக் குடம் மெல்லச் சுற்றிக்கொண்டு போனது.

தண்ணீர் வடிய இரண்டு மூன்று நாளானது. வடிந்த வீட்டில் கணுக்கால் அளவு சேறு. கேம் பெட்டியைத் தூக்கிச் சாய்த்தபோது அதிலிருந்து செம்மண் தண்ணீர் வழிந்தது.

“காய வெச்சா ஓடுமாங்க?”

“ஓடுனாலும் ஓடும். ஆனா மொதல்லேர்ந்துதான் வரும்.”

அவன் அதைத் தலையணைப் பஞ்சு, உப்பிப்போன பலகை இவற்றோடு குப்பை வண்டியில் போடவில்லை. எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. கழுவி, படிக்கட்டுக்கு அடியில் வைத்தான்.

வெயில் வந்த அன்று மொட்டைமாடி முழுக்க அந்தத் தெருவின் சாமான்கள். பக்கத்து வீட்டு விருத்தாசலம் தன் பாயை விரித்திருந்தார். லூர்துமேரி கயிறு கயிறாகப் புடவைகளைப் போட்டிருந்தாள். அலமாரியே தண்ணீரில் சாய்ந்துவிட்டிருந்தது. அங்கே திணித்த துணியெல்லாம் சேற்று நாற்றம். இசைவாணி ஒவ்வொன்றாக அலசினாள். நடுவில் செல்வாவின் பள்ளிக்கூடச் சட்டையும் டவுசரும் வந்தன. சட்டைப் பையில் ஊறிப்போன ஒரு சாக்லேட் காகிதம். அவள் அதை எடுத்துக் கல்மேல் வைத்துவிட்டு, சட்டைக்குச் சோப்புப் போட்டாள். காலரைத் தேய்த்தாள். மூன்று தண்ணீரில் அலசினாள். சித்தார்த்தன் வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் எதிரெதிராக நின்று முறுக்கிப் பிழிந்தார்கள்.

கயிற்றில் இடம் இல்லை. லூர்துமேரி சட்டையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தன் புடவை ஒன்றை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“இங்க போடு இசை. நல்ல வெயிலு.”